ஐம்பத்து நான்கு

டுலூத்தில் ஏரி உறைந்திருந்த மாதம்.
பள்ளி நூலகத்தின் வெப்பக் குழாய்மேல்
ஏழெட்டுக் கையுறைகள் காய்ந்தன,
ஈரக் கம்பளி நாற்றத்தோடு.
சக்கர மேசையில் வைத்து
பள்ளிக்கே இருந்த ஒரு கணினியைத்
தள்ளிக்கொண்டு வந்தார் திருமதி ரவுத்தியோ,
ஒவ்வொரு நிலைப்படியிலும் மூச்சைப் பிடித்தபடி.

நான் சுவரோரம் நின்றேன், அட்டையும் பென்சிலுமாக.
நான் எழுதிய ஆட்டத்தைப்
பிள்ளைகள் ஆடி அன்றுதான் பார்க்கிறேன்.

ஆட்டம் பெரிதாக ஒன்றுமில்லை.
வானத்திலிருந்து கணக்குகள் விழும்.
கீழே ஒரு நகரம், பதினோரு கட்டடம்.
சரியான விடை அடித்தால்
பீரங்கி சுடும், கணக்கு மறையும்.
தப்பினால் ஊர் போச்சு.
வாய்ப்பாட்டை உயிர்ப் பிரச்சினை ஆக்கிவிட்டோம் என்று
அலுவலகத்தில் கேக்கூட வெட்டியாயிற்று.

ஆளுக்கு ஆறு நிமிடம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் அளந்தது.
டுவேன் வேர்த்து விறுவிறுத்து
ஒன்பதாறு ஐம்பத்து நான்கைத்
தரைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தான்.
கைதட்டினார்கள். நான் ஒரு டிக் போட்டேன்.

அடுத்து ட்வைலா லிண்டால்.
எட்டு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
ஏழு பெருக்கல் எட்டு
இறங்கத் தொடங்கியது.
அவள் விரல்கள் விசைகளின்மேல் சும்மா கிடந்தன.
மேகத்தைத் தாண்டியது.
கோபுர நுனியைத் தொடப்போனது.
ஐந்து அடித்தாள்.
பிறகு, நிதானமாக, நான்கு.

பச்சைத் திரையில் நகரம் நடுங்கியது.
சன்னல்கள் மழையாய் உதிர்ந்தன.
கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.
தண்ணீர்த் தொட்டி மட்டும்
ஒற்றைக் காலில் ஒரு நொடி நின்று
யோசித்து
விழுந்தது.
காசளவு ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது.

நூலகமே எழுந்து நின்றுவிட்டது.
இன்னொரு தடவை, இன்னொரு தடவை.
டுவேன் தலையில் அடித்துக்கொண்டான்:
"எனக்குத் தோணாமப் போச்சே!"

குனிந்து கேட்டேன்,
ஏழெட்டு எவ்வளவு என்று தெரியாதா?
"ஐம்பத்தாறு," என்றாள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
"அது தெரியும்.
இது எப்படி விழும்னுதான் தெரியாது."

அதன்பின் மூன்று பேர் ஆடினார்கள்.
மூன்று முறையும் ஊர் அழிந்தது.
நான் டிக் போடுவதை நிறுத்தினேன்.

செயின்ட் பாலுக்குத் திரும்பும் சாலையில்
பனி கண்ணாடியில் மோதியது.
பக்கத்தில் குன்னார் வாயைத் திறந்து தூங்கினான்.
மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்:
அழிவுக்கு நாங்கள் கொடுத்தது ஐந்து வாரம்.
சரியான விடைக்கு
ஒரு மதிய இடைவேளை,
ஒரு "டிங்".

நாற்பத்தெட்டாயிரம் எழுத்துதான் கொள்ளும் அந்தப் பெட்டி.
புது விருந்தாளி வந்தால்
பழைய ஆள் வெளியே படுக்க வேண்டும்.
முதலில் சன்னல்களை எடுத்தோம்.
பிறகு அந்தச் சத்தத்தை; குன்னார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
கடைசியாகத் தொட்டியை.
மிஞ்சிய இடத்தில்
சரியாய்ச் சொன்னால் ஒரு கதவு திறக்கும்,
பன்னிரண்டு புள்ளி மனிதன்
தொப்பியை அசைப்பான்.
தப்பாய்ச் சொன்னால் திரை வெறுமனே இருளும்.

ஏப்ரலில் மறுபடி போனோம்.
மதிப்பெண் ஏறியிருந்தது; அறிக்கையில் அழகாய் ஒரு வரைபடம்.
நெகிழ்வட்டுகள் எட்டு மாவட்டங்களுக்கு விற்றன.
ட்வைலா எல்லாவற்றையும் சரியாக அடித்தாள்.
கடிகாரம் கிணுகிணுப்பதற்குள் எழுந்து
"நல்லா இருக்கு," என்றாள்,
பிடிக்காத பரிசைப் பிரித்தவளின் மரியாதையோடு.
கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பழைய வட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
பென்சிலால் "வேண்டாம்" என்று எழுதி.
துப்புரவுக்காரரின் இயந்திரம்
அடுத்த மாடிக்குப் போன பிறகு
சில இரவுகளில் அதைச் செருகுவேன்.

ஏழெட்டு இறங்குகிறது.
விடை எனக்கும் தெரியும்.
ஐந்தை அழுத்திவிட்டேன்.
தொட்டி
இன்னும் நிற்கிறது.